கால் மைல் டிராக் ரேஸ்ல 14.41 வினாடியில நிக்குது 72 டஸ்டர் 340, 14-க்குக் கீழ போக எங்க கை வைக்கணும்?

#1 டஸ்டர்72 (கான்டன், மிச்சிகன்)

வணக்கம் மக்களே. வண்டி 1972 பிளிமத் டஸ்டர், 340 கன அங்குல எஞ்சின். 727 ஆட்டோ கியர்பாக்ஸ், 8¾ பின் ஆக்சில், அதுல 3.23 கியர் விகிதம், ஷ்யூர்-கிரிப் (ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்த்துத் தள்ளுற டிஃப்ரன்ஷியல்) இருக்கு. எஞ்சினுக்குள்ள கம்பெனி போட்டது போட்டபடி. வெளியே மட்டும் எடல்பிராக் இன்டேக், ஹோலி 750, ஹெடர்ஸ், இரண்டரை அங்குல இரட்டை எக்ஸாஸ்ட். நான் உட்கார்ந்து எடை போட்டப்போ 3,450 பவுண்ட்.

போன வாரம் மைலன் டிராக்வேயில ஓட்டினேன். இருக்கிறதுல நல்ல ஸ்லிப் (ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டிராக்குல அச்சடிச்சுத் தர்ற நேரச் சீட்டு) இதுதான்:

ரியாக்‌ஷன்: 0.612
60 அடி: 2.28
330 அடி: 6.17
அரைக்கால் மைல்: 9.36, வேகம் 77.6 மைல்
1000 அடி: 12.12
கால் மைல்: 14.41, வேகம் 99.0 மைல்

340-ன்னா சும்மாவே 13-ல போகும்னு பேசிக்கிறாங்க. ஆனா அந்தப் பேரெல்லாம் 70, 71 வண்டிகளோடது. அதுல கம்ப்ரெஷன் 10-க்கு மேல, இன்டேக் வால்வு 2.02 அங்குலம். 72-ல கம்ப்ரெஷனை 8.5-க்கு இறக்கி, வால்வையும் 1.88 ஆக்கிட்டாங்க. அதனால இந்தக் குளிர்காலத்துல எஞ்சினை இறக்கி பிஸ்டன், பெரிய வால்வு ஹெட், கேம் மூணையும் மாத்தலாம்னு யோசிக்கிறேன். மெஷின் ஷாப்புல சொன்ன தொகை கேட்டு வீட்டுல பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்கு. செலவு பண்ணலாமா? இல்ல ஒரேயடியா பிஸ்டன் ஓடற தூரத்தைக் கூட்டி 416 கன அங்குல ஸ்ட்ரோக்கரா போயிடலாமா?

#2 எல்எஸ்_ராஜா (ஹூஸ்டன்)

அந்த ஐம்பது வருஷப் பழசைக் கழட்டி ஓரமா வைங்க ப்ரோ. உடைசல் யார்டுல ஒரு 5.3 எல்எஸ், மேல ஒரு டர்போ. 11-ல போகும். முடிஞ்சது கதை.

#3 மோபார் மாமா (டோலிடோ, ஒஹாயோ)

ராஜா தம்பி, யாரு என்ன கேட்டாலும் உன்கிட்ட ஒரே மாத்திரைதான். பிளிமத்துக்குள்ள செவி எஞ்சின் போடணும்னா அவர் செவியே வாங்கியிருப்பாரே.

டஸ்டர் தம்பி, எஞ்சினை இறக்குறதுக்கு முன்னாடி சிலது சொல்லு. டயர் என்ன, காத்து எவ்வளவு? பர்ன்அவுட் (கிளம்புறதுக்கு முன்னாடி டயரைச் சுத்தவிட்டுச் சூடாக்குறது) எப்படிப் பண்றே? மொத்த டைமிங் (தீப்பொறி எவ்வளவு முன்னாடியே வருதுங்கிறது) எத்தனை டிகிரி? கிக்-டவுன் ராடு மாட்டியிருக்கா, இல்ல ஹோலி போடும்போது கழட்டிட்டியா? கடைசிக் கேள்விக்கு மட்டும் இன்னைக்கே பதில் வேணும்.

#4 செவெல் செல்வி (ரெடிங், பென்சில்வேனியா)

எஞ்சினைத் தொட வேண்டாம் அண்ணா. உங்க ஸ்லிப்பே அதைச் சொல்லுது.

கால் மைல் கடைசியில வர்ற வேகம் குதிரைத்திறனைக் காட்டும். நேரம், அந்தத் திறனை ரோட்டுல இறக்கினோமா இல்லையான்னு காட்டும். ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும். பழைய கணக்கு ஒண்ணு இருக்கு: வேகத்தை 234-ஆல வகுத்து, வந்ததோட முப்படி எடுத்து, எடையால பெருக்கினா குதிரைத்திறன். 99-ஐ 234-ஆல வகுத்தா 0.423. அதோட முப்படி 0.0757. 3,450-ஆல பெருக்கினா 261. 72-ல கம்பெனி கொடுத்த கணக்கு 240 நெட், அதாவது வண்டியில இருக்கிற மாதிரியே எல்லாத்தையும் மாட்டி அளந்தது. உங்க ஹெடரும் இன்டேக்கும் மிச்சத்தைக் கொடுத்திருக்கு. எஞ்சின் நல்லாத்தான் இருக்கு.

அதே கணக்கைத் திருப்புங்க. எடையை 261-ஆல வகுத்தா 13.2. அதோட கனமூலம் 2.36. 5.825-ஆல பெருக்கினா 13.77 வினாடி. அதாவது இந்த எஞ்சின், இந்த எடைக்கு, 13.8 பக்கம் ஓடியிருக்கணும். ஓடினது 14.41. நடுவுல காணாமப் போன 0.64 வினாடி எங்கேன்னு தேட வேண்டாம், 60 அடிக்கு நேரா 2.28-ன்னு அச்சடிச்சே கொடுத்திருக்காங்க.

முதல் 60 அடியில ஒரு பத்தில் ஒரு பங்கு வினாடி மிச்சம் பிடிச்சா, கடைசியில ஒன்றரைல இருந்து ரெண்டு பங்கு வரைக்கும் கிடைக்கும். 2.28-ஐ 1.95 ஆக்கினா நீங்க 13-ல, கடைசி வேகம் அதே 99 பக்கம்தான் இருக்கும். ஒரு போல்ட்டைக்கூட எஞ்சின்ல கழட்ட வேண்டாம்.

இப்படியே விட்டுட்டு எஞ்சினை 350 குதிரை ஆக்கினீங்கன்னா 60 அடி இன்னும் மோசமாகும். டயர் இப்பவே சுத்துது. எங்க டிராக்குல வாரம் தவறாம பார்க்கிறேன்: 108 மைல் வேகம் காட்டி 14-ல ஓடற வண்டிங்க. ஓட்டினவர் நேரா வீட்டுக்குப் போய் இன்னும் பெரிய கேம் ஆர்டர் பண்ணுவார்.

#5 கோவை பொடியன்

அக்கா, ஒரு சந்தேகம். நேரம் அரை வினாடிக்கு மேல குறையும்னா கடைசி வேகமும் கூடணும் இல்லையா? 99-லயே நிக்கும்னு எப்படி?

#6 செவெல் செல்வி

நல்ல கேள்வி தம்பி. கடைசி வேகம்ங்கிறது கடைசி 66 அடியில எடுக்கிற சராசரி. முதல் 60 அடியில டயர் சுத்தி நின்ன இடத்துலயே புகை விட்டாலும், அதுக்கப்புறம் 1,260 அடி மிச்சம் இருக்கு. அந்தத் தூரம் முழுக்க எஞ்சின் அதே தள்ளு தள்ளும். அதனால வேகம் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்து சேரும், தாமதமா வரும். கோட்டுல தொலைச்ச நேரத்தைத் திருப்பிப் பிடிக்க வழியே இல்ல.

அதனாலதான் வேகம் ஏறி நேரம் அப்படியே இருந்தா எஞ்சின் வேலை பலிச்சதுன்னும், நேரம் குறைஞ்சு வேகம் அப்படியே இருந்தா பின்பக்க வேலை பலிச்சதுன்னும் எடுத்துக்கணும்.

#7 டஸ்டர்72

செல்வி, இப்படி ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல. நன்றி.

மாமா, கிக்-டவுன் ராடு இருக்கு. மொத்த டைமிங் 30. டயர் 225/70-14, சாதாரண ரோட்டு டயர், வாங்கி ரொம்ப வருஷம் ஆச்சு. காத்து 34. பர்ன்அவுட்டுக்கு எல்லாரையும் போலத் தண்ணிக்குள்ள நிறுத்தி சுத்தவிட்டுட்டு முன்னாடி போறேன். 15 அங்குல ரிம் தேடினா எல்லாமே நாலரை அங்குல போல்ட் வட்டம், என்னோடது 4 அங்குலம்.

#8 மோபார் மாமா

ராடு இருக்கா, நிம்மதி. 727-ல அது வெறும் கீழ் கியருக்கு இறக்குற ராடு இல்ல, உள்ளே எண்ணெய் அழுத்தத்தையே அதுதான் தீர்மானிக்குது. கழட்டிட்டு ஓட்டினா கிளட்ச் வழுக்கியே எரிஞ்சு போகும்.

இப்போ ஒவ்வொண்ணா வர்றேன்.

போல்ட் வட்டம்: 72 வரைக்கும் டஸ்டர், டார்ட் எல்லாத்துக்கும் இந்தச் சின்ன வட்டம்தான், 73-ல இருந்துதான் பெருசாச்சு. பின்பக்கம் மட்டும் போதும்னா நாலரை அங்குல ஆக்சில் ஷாஃப்ட்டும் அதுக்கேத்த டிரம்மும் மாத்திடு. முன்னாடி 14 அங்குலமே இருக்கட்டும். அடாப்டர் தட்டு வச்சு ஒப்பேத்துற யோசனை வந்தா அதை அப்படியே விட்டுடு, டிராக்குக்கு அது ஆகாது.

டயர்: 15-க்கு 7 அங்குல ரிம்முல 235/60-15 டிராக் ரேடியல், ரோட்டுலயும் ஓட்டலாம், டிராக்குலயும் நல்லாப் பிடிக்கும். 255 கூட ஏத்துறாங்க, ஆனா லீஃப் ஸ்பிரிங் ஓரத்துல உரசுதான்னு அளந்து பார்த்துட்டு வாங்கு. காத்து 18-ல ஆரம்பிச்சு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு பவுண்ட் மாத்தி 60 அடி நேரத்தைப் பாரு. ரொம்பக் குறைச்சாலும் வேகம் போகும்போது பின்பக்கம் அலையும்.

பர்ன்அவுட்: இப்ப இருக்கிற ரோட்டு டயருக்குத் தண்ணிக்குள்ள போகவே கூடாது. டயரோட பள்ளத்துல தண்ணியை அள்ளிக்கிட்டு வந்து கோட்டுல சொட்டும். சுத்திப் போய், காஞ்ச இடத்துல லேசா ஒரு சுத்து, தூசி போனா போதும். டிராக் ரேடியல் வந்ததும் தண்ணியோட ஓரத்தை மட்டும் தொட்டுட்டு முன்னாடி வந்து சுத்து.

இதைத் தடித்த எழுத்துல படிச்சுக்கோ: 727-ஐ லோ கியர்ல வச்சு பர்ன்அவுட் பண்ணி, டயர் சுத்திட்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை விடாதே. ஒன்றுல ஆரம்பிச்சு உடனே ரெண்டுக்குப் போடு, ரெண்டுல முடி. லோ கியர்ல ஒருபக்கமா மட்டும் பிடிக்கிற கிளட்ச் ஒண்ணு உள்ளே இருக்கு. அது உடைஞ்சா கியர்பாக்ஸுக்குள்ள இருக்கிற முன் டிரம் எஞ்சினைவிட ரெண்டு மடங்குக்கு மேல வேகமாச் சுத்தி வெடிக்கும். ஓட்டை கேஸோட நிக்காது, உன் கால் இருக்கிற பக்கம் வரும்.

பின்பக்கம்: மோபார்ல (கிரைஸ்லர் வண்டிங்கள்ல) ஆக்சில் லீஃப் ஸ்பிரிங்கோட நடுவுல உட்காராது, முன்னாடி தள்ளி இருக்கும். முன்பாதி குட்டையா, விறைப்பா இருக்கிறதால அதுவே ஆக்சில் முறுக்கிக்காமத் தாங்கும். அதனால முன்பாதி இலைகளைக் கிளாம்ப் போட்டு இறுக்கிக் கட்டு, பின்பாதி கிளாம்பைத் தளர்த்து. டிஃப்ரன்ஷியல் தலைமேல ஒரு ரப்பர் குமிழ் இருக்குமே, பினியன் ஸ்னப்பர், அதுக்கும் மேல தரைத்தகட்டுக்கும் இடையில கம்பெனி விட்ட இடைவெளி ரொம்ப அதிகம். உயரம் மாத்துற ஸ்னப்பர் வாங்கி, வண்டி தரையில நிக்கும்போது முக்கால் அங்குல இடைவெளியில வை. கிளம்பும்போது அது தகட்டுல முட்டி டயரைக் கீழே அழுத்தும். தகட்டுல முட்டுற இடத்துக்கு ஒரு வலுப்பட்டை வெல்டு பண்ணிக்கோ.

இதெல்லாம் யாரோ கடைக்காரன் கண்டுபிடிச்சதில்ல. உன் ஊர்க்காரங்க, டெட்ராய்ட் கிரைஸ்லர் என்ஜினியர்கள், 50-களோட கடைசியில ராம்சார்ஜர்ஸ்னு ஒரு கிளப் வச்சுக்கிட்டு, 49 பிளிமத் கூப் ஒண்ணைப் பிரிச்சு மேய்ஞ்சாங்க. வேலை நேரம் முடிஞ்சு, சொந்தக் காசுல. அந்தக் கூட்டத்துல பேசிக்கிட்டதுதான் பின்னாடி கம்பெனி ரேஸ் பாகமா வந்துச்சு.

டைமிங்: 30 பத்தாது. 8.5 கம்ப்ரெஷனுக்கு 34, 35 தாராளமாத் தாங்கும். ரெண்டு ரெண்டு டிகிரியா ஏத்து, கடைசி வேகத்தைப் பாரு, ஏறுறது நின்னதும் ஒரு டிகிரி பின்னாடி வா. ஆனா டயர் மாத்துற அன்னைக்கு டைமிங்கைத் தொடாதே. எது வேலை செஞ்சதுன்னு தெரியாமப் போயிடும்.

#9 நாலாவது கியர் (நியூ ஜெர்சி)

எல்லாரும் டயர் டயர்ங்கிறீங்க, 3.23-ஐ யாருமே கேக்கலையே?

26 அங்குல டயர்ல, 99 மைல் வேகத்துல, 3.23-க்கு எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துது தெரியுமா? 4,130. கன்வெர்ட்டர் வழுக்கலைச் சேர்த்தாலும் 4,300, 4,400. 340-க்குத் திறன் உச்சம் 4,800-ல. அதாவது டாப் கியர்ல ஒரு நொடிகூட எஞ்சின் தன் முழு பலத்துக்கு வராமலேயே கோட்டைத் தாண்டுது. 3.91 போட்டா அதே இடத்துல 5,000. அதுவும் இல்லாம கிளம்பும்போது சக்கரத்துக்குப் போற முறுக்கு 21 சதவீதம் கூடும். முதல் செலவு கியர்தான்னு நான் சொல்வேன்.

நான் இங்க்லிஷ்டவுன்ல பழகினவன். 2018 ஜனவரியில அங்க டிராக் ரேஸை நிறுத்தினதுல இருந்து எங்க ஏரியாவுல எல்லாரும் மணிக்கணக்கா ஓட்டிக்கிட்டுப் போய்த்தான் ரேஸ் பண்றோம். அது தனிப் புலம்பல், வேற இழையில வச்சுக்கலாம்.

#10 மோபார் மாமா

கணக்கு சரி, வரிசை தப்பு. டயரே சுத்தும்போது முறுக்கை 21 சதவீதம் கூட்டினா என்ன ஆகும்? செல்வி மேல சொன்ன கதைதான். முதல்ல பிடிப்பு, அப்புறம் கியர். ரேடியல் போட்டு, டயர் சுத்தாமக் கிளம்பி, "இன்னும் வேணும்"னு வண்டி சோம்பலா எழுந்தா, அன்னைக்கு 3.91.

அவர் வண்டியை ஹைவேயிலயும் ஓட்டுறார். 70 மைல்ல இப்போ 2,900 சுத்து. 3.91-ல 3,500. ஆன் ஆர்பர் வரைக்கும் சரி. கிராண்ட் ராபிட்ஸ் போய்ட்டு வந்தா காது கேக்காது.

#11 எல்எஸ்_ராஜா

ஆக்சில் ஷாஃப்ட், டிரம், ரிம், டயர், ஸ்னப்பர், நாளைக்கு கியர். கூட்டிப் பாருங்க மாமா. அந்தக் காசுக்கு எல்எஸ் பாதி வந்திருக்கும். கடைசியில 13.8. என் மனைவியோட மினிவேனுக்குப் பக்கத்துல நிக்கலாம்.

#12 செவெல் செல்வி

ராஜா, உங்க 11-க்கும் அந்த டயர், ஆக்சில், ரிம் எல்லாம் வாங்கித்தான் ஆகணும். எல்எஸ் போட்டா பின்பக்கம் இலவசமா வராது. 11.49-க்குக் கீழே போனா ரோல் பார், ரேஸ் பெல்ட், டிரைவ்ஷாஃப்ட் உடைஞ்சா விழாமப் பிடிக்கிற வளையம் எல்லாம் விதிப்படி வேணும். 72 டஸ்டர்ல அதையெல்லாம் வெல்டு பண்ணினப்புறம் பின் சீட்ல பிள்ளைங்க உட்கார முடியாது. அவர் கேட்டது அது இல்ல.

மிச்சிகன்லயே ஸ்டான்டன்ல பியூர் ஸ்டாக் ரேஸ் நடக்கும், அண்ணா ஒரு தடவை போய்ப் பாருங்க. ஃபேக்டரியில இருந்து வந்தபடியே இருக்கணும்னு விதி, டயர்கூட பழைய காலத்து மெல்லிசு டயர் மாதிரியானதுதான். அதுலயே 13, 12-ன்னு ஓட்டுறாங்க. டியூனும் ஓட்டுற கையும்தான் காரணம். 340-களை அங்க யாரும் லேசா எடுத்துக்கிறதில்ல.

காசு செலவில்லாத ரெண்டு விஷயம்.

ஒண்ணு, நிறுத்துற விதம். கோட்டுல இருக்கிற விளக்குக் கம்பத்துல (அதைத்தான் மரம்னு சொல்றோம்) மேல் விளக்கு எரிஞ்சதும் அங்குலம் அங்குலமா நகர்ந்து, ரெண்டாவது விளக்கு எரிஞ்ச நொடியே நிறுத்துங்க. முன் டயர் ஒளிக்கற்றையைத் தாண்டின பிறகுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அந்த ஒரு அடிக்குள்ள ஓடற ஓட்டம் உங்களுக்குச் சும்மா கிடைக்கும். உள்ளே தள்ளி நிறுத்தினா அது போச்சு. ரியாக்‌ஷன் 0.612-ஐப் பத்தி இப்போ கவலைப்படாதீங்க. மரத்துல பச்சை எரிஞ்சு நீங்க டீ குடிச்சுட்டுக் கிளம்பினாலும் கால் மைல் நேரம் மாறாது. பிராக்கெட் ரேஸுக்கு வரும்போது நானே திட்டுறேன்.

ரெண்டு, காத்து. வெப்பம், ஈரம், அழுத்தம் மூணும் சேர்ந்தது டென்சிட்டி ஆல்டிட்யூட். ஜூலை மதியம் மைலன்ல 3,000 அடி உயர மலைமேல ஓட்டுற மாதிரி எஞ்சின் மூச்சு வாங்கும். அக்டோபர்ல அதே இடம் கடல் மட்டத்துக்கே இறங்கும். 1,000 அடிக்கு எஞ்சின் ஏறக்குறைய 3 சதவீதம் திறன் இழக்கும், உங்க வண்டிக்கு அது ஒன்றரைப் பத்தில் பங்கு வினாடி பக்கம். இதைக் குறிச்சு வைக்கலைன்னா குளிர் வந்ததைப் புது ஸ்பார்க் பிளக்கோட புண்ணியம்னு நினைச்சுப்பீங்க. ஸ்லிப்பு பின்னாடியே எழுதி வையுங்க: டென்சிட்டி, டயர் காத்து, டைமிங், எரிபொருள் அளவு.

ஒரு எச்சரிக்கை. 13.99-க்குக் கீழே ஓடினா அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி ஹெல்மெட் வேணும், ஸ்னெல் பாதுகாப்புத் தர முத்திரை போட்டது. மோட்டார் பைக் கடையில கிடைக்கிற வெறும் டாட் ஸ்டிக்கர் ஹெல்மெட்டைத் திருப்பி அனுப்பிடுவாங்க. ஸ்லிக் (பள்ளமே இல்லாத ரேஸ் டயர்) போட்டா 13.99-க்கே டிரைவ்ஷாஃப்ட் வளையமும் கேப்பாங்க, ரோட்டுல ஓட்ட அனுமதி இருக்கிற டிராக் ரேடியலுக்கு அது 11.49 வரைக்கும் வேண்டாம்.

#13 கோவை பொடியன்

மரத்துல பச்சை எரிஞ்சு டீ குடிச்சுட்டு... அக்கா நீங்க பெரிய ஆள்.

#14 டஸ்டர்72

பாகங்கள் எல்லாம் வந்து மாட்டி முடிச்சு நேத்து மைலன் போனேன். டைமிங்கைத் தொடலை, அதே 30. எஞ்சினும் அதே. 235/60-15 டிராக் ரேடியல், ஸ்னப்பர், ஸ்பிரிங் கிளாம்ப், இவ்வளவுதான் புதுசு. டென்சிட்டி ஆல்டிட்யூட் 2,500 அடி. முதல் ஸ்லிப் எடுத்த ராத்திரிக்கு வானிலைப் பதிவை வச்சுக் கணக்குப் போட்டேன், அதுவும் கிட்டத்தட்ட அதேதான். டயர் காத்து 17.

60 அடி: 1.94
330 அடி: 5.71
அரைக்கால் மைல்: 8.82, வேகம் 78.1 மைல்
1000 அடி: 11.56
கால் மைல்: 13.84, வேகம் 99.2 மைல்

செல்வி சொன்ன 13.77-க்கு 0.07 பாக்கி. டயர் சுத்தவே இல்ல, வண்டி எழுந்து ஒரு குந்து குந்திட்டுக் கிளம்புது. சொல்லப்போனா இப்போதான் மாமா சொன்ன மாதிரி சோம்பலாத் தெரியுது.

#15 எல்எஸ்_ராஜா

சரி, வாழ்த்துகள் அண்ணா. 60 அடியில 0.34 எடுத்து கடைசியில 0.57 வாங்கியிருக்கீங்க. மினிவேனை வாபஸ் வாங்கிக்கிறேன். எல்எஸ்ஸை இல்ல.

#16 செவெல் செல்வி

வேகம் 0.2 மைல்தான் ஏறியிருக்கு, நேரம் 0.57 குறைஞ்சிருக்கு. பொடியன் தம்பி, நீ கேட்ட கேள்விக்கு இந்த ரெண்டு ஸ்லிப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு.

அண்ணா, அடுத்து டைமிங். இனி வேகம் ஏறுதான்னு பாருங்க, 60 அடியைப் பார்க்காதீங்க. ஒரே நாள்ல 30, 32, 34. நடுவுல பானட்டைத் திறந்து வச்சு ஒரே அளவுக்கு ஆற விட்டுட்டு ஓட்டுங்க, இல்லைனா மூணாவது ஓட்டத்துல ஏறின வேகத்தைச் சூடு சாப்பிட்டுடும்.

#17 நாலாவது கியர்

இப்பவாவது கியர் பத்திப் பேசலாமா?

#18 மோபார் மாமா

இப்போ பேசலாம்டா. நீ சொன்ன 3.91 சரிதான், நேரம்தான் தப்பா இருந்துச்சு.

டஸ்டர் தம்பி, 8¾-ல ஒரு சௌகரியம்: கியர் எல்லாம் நடுத் துண்டுல இருக்கு, முன்பக்கமா மொத்தமாக் கழண்டு வரும். அதனால 3.23-ஐப் பிரிக்காதே. இன்னொரு நடுத் துண்டை 3.91 போட்டு ரெடியா வச்சுக்கோ. ஹைவே பயணத்துக்கு முன்னாடி சனிக்கிழமை காலையில மாத்திடலாம். வாங்கும்போது பக்கவாட்டுல இருக்கிற வார்ப்பு எண்ணைப் பாரு, கடைசி மூணு இலக்கம் 742 இல்ல 489 இருந்தா எடு. 741-ன்னா பினியன் தண்டு சின்னது, விலை குறைச்சலா இருந்தாலும் விட்டுடு. உன் வண்டியில இருக்கிற ஷ்யூர்-கிரிப் கூம்பு வகையா இருக்கும், தேஞ்சா பழைய கிளட்ச் வகை மாதிரி எளிதாச் சரிபண்ண வராது. புது நடுத் துண்டுக்குக் கிளட்ச் வகையே கேளு.

கியர் போட்டதும் ஷிஃப்ட்டைக் கையால போடு, 5,400-ல. டி-ல விட்டா ஆட்டோ எப்ப மாத்தும்னு அது இஷ்டம்.

#19 டஸ்டர்72

489 நடுத் துண்டு ஒண்ணு டோலிடோ பக்கம் விளம்பரத்துல இருக்கு மாமா, 3.91, கிளட்ச் வகைன்னு போட்டிருக்கான். ஞாயித்துக்கிழமை வர்றேன், கூட வந்து கியர் பல்லு ஒண்ணோட ஒண்ணு சரியாப் படியுதான்னு பேட்டர்ன் பார்த்துச் சொல்றீங்களா?

#20 மோபார் மாமா

வா. மார்க்கிங் பேஸ்ட் என்கிட்ட இருக்கு. துண்டைப் பார்த்த பிறகு பணம் குடுப்போம், முன்னாடியே அனுப்பிடாதே.